ஒரு ஆளோட விவரம் 4 பைசா! இண்டர்நெட்டில் கூறுகட்டி விற்கப்படும் தகவல்கள்: புதுவை மக்களுக்கு என்ன ஆபத்து?

புதுச்சேரி:

"சார், நீங்க இன்னார்தானே? அப்பா பேரு இதுதானே? ஆதார் கடைசி நாலு நம்பர் இதுதானே?"

முன்பின் தெரியாத ஒருவர் செல்போனில் கூப்பிட்டு இப்படிக் கேட்டால் யாருக்கும் ஒரு நிமிடம் தூக்கிவாரிப் போடும். அடுத்த நிமிடம், "இவ்வளவு சரியா சொல்றாரே, பாங்கியிலேருந்துதான் பேசுறாரு போல" என்று நம்பிக்கை வந்துவிடும். அந்த நம்பிக்கைதான் மோசடிக் கும்பலுக்கு முதலீடு.

சரி, பேரும் அப்பா பேரும் ஆதார் நம்பரும் அந்த ஆளுக்கு எப்படிக் கிடைத்தது? கஷ்டப்பட்டு யாரும் தேடுவதில்லை. காய்கறி மாதிரி கூறுகட்டி விற்கிறார்கள். வாங்கிக்கொள்கிறார்கள். அவ்வளவுதான்.

50 ஆயிரம் பேர், 2 ஆயிரம் ரூபாய்

2023-ம் ஆண்டு மார்ச் மாதம் ஐதராபாத்தில் சைபராபாத் போலீசார் 7 பேரைப் பிடித்தார்கள். அவர்களிடம் இருந்தது தங்கமோ கள்ளநோட்டோ இல்லை. ஜனங்களுடைய பெயர், போன் நம்பர், வேலை, வருமானம் என்று 16.8 கோடி பேரின் விவரங்கள். ராணுவத்தில் இருப்பவர்கள் லிஸ்ட், பான் கார்டு வைத்திருப்பவர்கள் லிஸ்ட், நீட் எழுதும் மாணவர்கள் லிஸ்ட் என்று வகைவகையாகப் பிரித்து வைத்திருந்தார்கள்.

போலீசார் சொன்ன ஒரு விஷயம்தான் பகீர் ரகம். 50 ஆயிரம் பேர் விவரத்தை வெறும் 2 ஆயிரம் ரூபாய்க்குக் கூட விற்றிருக்கிறார்கள். கணக்குப் போட்டால் ஒரு ஆளுக்கு 4 பைசா. ஒரு ரூபாய்க்கு 25 பேர்.

அந்தப் பரபரப்பு அடங்குவதற்குள் ஏப்ரல் தொடக்கத்தில் அதே போலீசார் இன்னொருவரைக் கைது செய்தார்கள். அவரிடம் இருந்ததோ 66.9 கோடி பேரின் விவரம். 24 மாநிலங்கள், 8 பெருநகரங்களைச் சேர்ந்தவர்கள் அதில் இருந்தார்கள். இந்தியாவில் கிட்டத்தட்ட இரண்டு பேரில் ஒருவர் கணக்கு.

"அது ஐதராபாத் சமாச்சாரம். நமக்கென்ன?" என்று புதுவையில் யாரும் சொல்ல முடியாது. இந்த மாதிரி ஒரு விவகாரம் இங்கேயே நடந்து, ஐகோர்ட்டு வரைக்கும் போயிருக்கிறது.

2021 தேர்தலில் வந்த எஸ்.எம்.எஸ்.

2021 சட்டசபை தேர்தல் நேரம். ஏப்ரல் 6-ந்தேதி ஓட்டுப்பதிவு. அதற்கு முந்தைய வாரங்களில் புதுவை வாக்காளர்கள் பலருடைய செல்போனுக்கு எஸ்.எம்.எஸ். வந்தது. அதில் ஒரு லிங்க். அதைத் தொட்டால் அவரவர் ஓட்டுப் போடும் பூத்துக்கான பா.ஜனதா வாட்ஸ்அப் குரூப்பில் சேரலாம்.

இதை எதிர்த்து இந்திய ஜனநாயக வாலிபர் சங்கத்தின் புதுவைத் தலைவர் சென்னை ஐகோர்ட்டில் பொதுநல வழக்குப் போட்டார். ஆதாருடன் இணைத்த செல்போன் நம்பர்களுக்கு மட்டும்தான் இந்த எஸ்.எம்.எஸ். வந்திருக்கிறது, அப்படியானால் ஆதார் தகவல் கட்சியின் கைக்குப் போனது எப்படி என்பது அவருடைய கேள்வி.

பா.ஜனதா தரப்பு இதை மறுத்தது. தொண்டர்கள் வீடுவீடாகப் போய்ச் சேகரித்த நம்பர்கள்தான் இவை என்று சொன்னது. ஆதார் ஆணையமும் தன்னிடம் இருந்து தகவல் எதுவும் வெளியே போகவில்லை என்றது. மொத்தமாக எஸ்.எம்.எஸ். அனுப்ப முன்அனுமதி வாங்கவில்லை என்று தேர்தல் கமிஷன் அந்தக் கட்சிக்கு நோட்டீஸ் அனுப்பியது.

வழக்கைக் கேட்ட அப்போதைய தலைமை நீதிபதி சஞ்சிப் பானர்ஜி, நீதிபதி செந்தில்குமார் ராமமூர்த்தி ஆகியோர் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. விசாரணை முடியும்வரை தேர்தலைத் தள்ளி வைக்கலாமா என்று தேர்தல் கமிஷனையே கேட்டார்கள். மனுதாரர் சொல்வது நம்பத் தகுந்த குற்றச்சாட்டு, தேர்தல் சூட்டில் ஜனங்களுடைய அந்தரங்க விவகாரம் அடிபட்டுப் போகக்கூடாது என்று கூறி, ஆதார் ஆணையம் இதுபற்றி விசாரிக்க வேண்டும் என்று உத்தரவிட்டார்கள்.

தேர்தல் குறித்த தேதியில் நடந்து முடிந்தது. கட்சி எது என்பது ஒருபக்கம் இருக்கட்டும். இதில் கவனிக்க வேண்டிய விஷயம் வேறு.

வாக்காளர் பட்டியலில் பெயர் உண்டு, அப்பா அல்லது கணவர் பெயர் உண்டு, வயது உண்டு, பூத் நம்பர் உண்டு. ஆனால் செல்போன் நம்பர் கிடையாது. செல்போன் நம்பர் இன்னொரு இடத்தில் இருக்கிறது. இரண்டையும் யாரோ ஒன்றாகச் சேர்த்தால்தான் 'இந்த பூத்தில் ஓட்டு உள்ளவருக்கு இந்த நம்பர்' என்று எஸ்.எம்.எஸ். அனுப்ப முடியும். தொண்டர்கள் சேர்த்தாலும் சரி, கம்ப்யூட்டரில் சேர்த்தாலும் சரி, அப்படிச் சேர்க்கும்போதுதான் ஒரு சாதாரண லிஸ்ட் ஆயுதமாக மாறுகிறது.

இது ஒரு கட்சி விவகாரம் மட்டும் இல்லை. 2019-ல் ஆந்திராவில் தெலுங்கு தேசம் கட்சிக்கான செல்போன் ஆப் ஒன்றைச் செய்துகொடுத்த ஐதராபாத் கம்பெனியிடம் 7.8 கோடி பேரின் ஆதார் விவரங்கள் இருந்ததாக தெலுங்கானா போலீசார் வழக்குப் போட்டார்கள். அந்தக் கட்சியும் குற்றச்சாட்டை மறுத்தது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று பேதம் இல்லாமல் எல்லோருக்கும் இந்த லிஸ்ட் மேல் ஒரு கண் இருக்கிறது.

உதிரிப் பூவும் மாலையும்

பெரிய மார்க்கெட்டில் பூ கட்டுபவர்களைப் பார்த்தால் இந்த விஷயம் சுலபமாகப் புரியும். உதிரிப் பூவாக இருக்கும்போது காற்றில் பறந்து போகும். நாரில் கோர்த்துவிட்டால் மாலை. கசிந்த தகவல்களும் அப்படித்தான். இங்கே நார் எது தெரியுமா? செல்போன் நம்பர்!

ஒரு இடத்தில் இருந்து பெயரும் செல்போன் நம்பரும் கசிகிறது. இன்னொரு இடத்தில் இருந்து அதே செல்போன் நம்பரும் ஆதார் நம்பரும் கசிகிறது. மூன்றாவது இடத்தில் இருந்து அதே நம்பரும் வீட்டு விலாசமும். மூன்றையும் கோர்த்தால் ஒரு மனுஷனுடைய மொத்த ஜாதகமும் கையில் வந்துவிடும்.

இந்த நான்கைந்து வருடத்தில் எங்கிருந்தெல்லாம் கசிந்தது என்று பார்த்தால் தலை சுற்றும்.

* 2021: தமிழ்நாட்டு ரேஷன் கார்டுதாரர்களில் சுமார் 50 லட்சம் பேரின் விவரம் ஹேக்கர்கள் புழங்கும் வெப்சைட்டில் கிடப்பதை பெங்களூரைச் சேர்ந்த சைபர் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று கண்டுபிடித்துச் சொன்னது. ஆதார் நம்பர், விலாசம், குடும்பத்தினர் விவரம், சிலருடைய செல்போன் நம்பர் எல்லாம் அதில் இருந்தன.

* 2021: பீட்சா ஆர்டர் செய்தவர்கள் கூடத் தப்பவில்லை. டோமினோஸ் இந்தியாவின் 18 கோடி ஆர்டர் விவரங்கள் வெளியாகின. போன் நம்பரைப் போட்டால் எந்த விலாசத்துக்கு எப்போது ஆர்டர் போனது என்று தேடிப் பார்க்கும் வசதியையும் செய்து வைத்திருந்தார்கள்.

* 2023 ஜூன்: டெலிகிராமில் ஒரு 'பாட்'. செல்போன் நம்பரைப் போட்டால் கொரோனா தடுப்பூசி போட்டவரின் பெயர், அடையாள அட்டை நம்பர், ஊசி போட்ட இடம் எல்லாம் வந்து விழுந்தது. ஒரே நம்பரில் குடும்பமே பதிவு செய்திருந்தால் குடும்பமே வந்தது. கோவின் தளத்தில் இருந்து கசிந்ததாகச் சொல்வது ஆதாரமற்றது என்றது மத்திய சுகாதாரத் துறை. ஏற்கனவே திருடப்பட்ட தகவல்களில் இருந்து அந்த 'பாட்' எடுத்துக் கொடுப்பதாகத் தெரிகிறது என்றார் அப்போதைய மத்திய மந்திரி ராஜீவ் சந்திரசேகர். பிறகு பீகாரில் ஒருவரை டெல்லி போலீசார் பிடித்தார்கள்.

* 2023 அக்டோபர்: 81.5 கோடி இந்தியர்களின் ஆதார், பாஸ்போர்ட் விவரம் 80 ஆயிரம் டாலருக்கு விற்பனைக்கு இருப்பதாக அமெரிக்க சைபர் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று சொன்னது. டிசம்பரில் டெல்லி போலீசார் 4 பேரைக் கைது செய்தார்கள்.

* 2024 செப்டம்பர்: சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் இன்சூரன்ஸ் கம்பெனியின் 3.1 கோடி வாடிக்கையாளர் விவரம் தன்னிடம் இருப்பதாக ஒரு ஹேக்கர் கடை விரித்தான். டெலிகிராம் 'பாட்' வழியாகவே பாலிசி, க்ளைம் பேப்பர்கள், டெஸ்ட் ரிசல்ட் எல்லாம் கிடைத்தன. கம்பெனியிடம் 68 ஆயிரம் டாலர் கேட்டு மிரட்டலும் வந்தது. கம்பெனி டெலிகிராம் மீது சென்னை ஐகோர்ட்டில் வழக்குப் போட்டு இடைக்காலத் தடை வாங்கியது.

இதில் தடுப்பூசி எல்லோரும் போட்டுக்கொண்டது. இன்சூரன்ஸ் பலரும் எடுத்தது. ஆக, "என் விவரம் எங்கேயும் போகலை" என்று அடித்துச் சொல்லக்கூடியவர்கள் ரொம்பக் குறைவு.

பழசுதானே என்று விடலாமா?

உலக அளவிலும் இதே கதைதான். 2019 ஜனவரியில் 77 கோடி இ-மெயில் முகவரிகளைக் கொண்ட ஒரு தொகுப்பு வெளியானது. 2024 ஜனவரியில் 2,600 கோடி வரிகள் கொண்ட தொகுப்பு. 2025 ஜூனில் 1,600 கோடி பாஸ்வேர்டு விவரங்கள் என்று பெரிய பரபரப்பு. உலக ஜனத்தொகையே 800 கோடிக்குக் கொஞ்சம் அதிகம்தான். அப்படி என்றால் ஒரே ஆளின் விவரம் பலமுறை அதில் இருக்கிறது என்று அர்த்தம்.

இந்தப் பெரிய தொகுப்புகளில் பெரும்பகுதி பழைய கசிவுகளை ஒன்றாகக் கொட்டி மூட்டை கட்டியதுதான். "பழைய சரக்குதானே, ஒண்ணும் ஆகாது" என்று கம்பெனிகள் சமாதானம் சொல்வதும் உண்டு.

ஆனால் யோசித்துப் பாருங்கள். பாஸ்வேர்டை மாற்றலாம். ஏடிஎம் கார்டை மாற்றலாம். பிறந்த தேதியை மாற்ற முடியுமா? அப்பா பேரை மாற்ற முடியுமா? கைரேகையை மாற்ற முடியுமா? பத்து வருடம் கழித்தும் அதே பிறந்த தேதிதான், அதே கைரேகைதான். இந்தச் சரக்குக்கு மட்டும் காலாவதி தேதி கிடையாது.

கைரேகை என்றதும் ஒரு சம்பவம் நினைவுக்கு வரும். 2018-ல் தெலுங்கானாவில் ஒருவர், பத்திரப்பதிவு வெப்சைட்டில் இருந்த ஆவணங்களில் ஜனங்கள் வைத்த கைரேகையை எடுத்து, ரப்பரில் ரேகை தயாரித்து, ஆயிரக்கணக்கான சிம் கார்டுகளை ஓடவிட்டுப் பிடிபட்டார். நிலம் விற்கும்போது வைத்த ரேகை, சிம் வாங்க உதவியிருக்கிறது!

"நம்மகிட்ட திருட என்ன இருக்கு?"

கொத்தனார் வேலைக்குப் போகிறவர், மீன் விற்கிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், பேட்டையில் தினக்கூலிக்குப் போகிறவர் எல்லோரும் பொதுவாகச் சொல்வது இதுதான்: "நம்மகிட்ட என்ன இருக்கு? கணக்குல ஐநூறு ரூபா கூட இல்லை. எடுத்துட்டுப் போகட்டுமே!"

இங்கேதான் தப்புக் கணக்கு. திருடனுக்குத் தேவை உங்கள் பணம் மட்டும் இல்லை. உங்கள் பெயரும் தேவை.

முதலாவது, உங்கள் பெயரில் சிம் கார்டு. அந்த சிம்மில் இருந்து வேறு ஒருவரை ஏமாற்றினால், போலீசார் முதலில் தேடி வருவது உங்கள் வீட்டுக் கதவைத்தான். நிரபராதி என்று நிரூபிக்க வேலை வெட்டியை விட்டு ஸ்டேஷனுக்கு அலைய வேண்டும். கூலி வேலை செய்பவருக்கு ஒரு நாள் அலைச்சல் என்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு.

இரண்டாவது, உங்கள் பெயரில் கடன். 2022-ல் நாடு முழுக்கப் பலர் தங்கள் பான் நம்பரில் யாரோ செல்போன் ஆப் மூலம் கடன் வாங்கியிருப்பதை சிபில் ரிப்போர்ட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டு திகைத்தார்கள். மகளிர் குழுவில் லோன் கேட்கும்போதோ, பைக்குக்கு தவணை போடும்போதோதான் இது தெரியவரும். "உங்க பேர்ல ஏற்கனவே பாக்கி இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

மூன்றாவது, ஏமாற்ற ஒரு துருப்புச் சீட்டு. ஆஸ்பத்திரி பில், இன்சூரன்ஸ் விவரம், பிள்ளை எழுதும் பரீட்சை என்று உண்மையான விஷயத்தைச் சொல்லிக் கூப்பிட்டால் படித்தவர்களே ஏமாறுகிறார்கள். போலீஸ் வேஷத்தில் வீடியோ காலில் மிரட்டும் 'டிஜிட்டல் அரெஸ்ட்' மோசடிக்கும் இதுதான் அஸ்திவாரம். 2024 அக்டோபரில் பிரதமர் மோடியே ரேடியோவில் இதைப் பற்றி எச்சரிக்க வேண்டிய நிலை வந்தது. அப்படி எந்த அரெஸ்டும் சட்டத்தில் கிடையாது.

மத்திய உள்துறை பாராளுமன்றத்தில் சொன்ன கணக்குப்படி 2024-ம் ஆண்டில் மட்டும் சைபர் மோசடியில் ஜனங்கள் இழந்தது சுமார் 22,845 கோடி ரூபாய். முந்தைய ஆண்டு 7,465 கோடியாக இருந்தது. ஒரே வருடத்தில் மூன்று மடங்கு!

புதுவைக்கு மட்டும் ஏன் கூடுதல் கவலை?

புதுவை சின்ன ஊர். 2021 கணக்குப்படி வாக்காளர்கள் சுமார் 10 லட்சம் பேர்தான். பெரிய மாநிலத்தில் ஒரு மாவட்டத்துக்கே இதைவிட அதிகம் இருக்கும். சின்ன ஊர் என்பதால் மொத்த ஜனங்களின் விவரத்தையும் ஒரு பென்டிரைவில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விடலாம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. மற்ற ஊர்களில் ரேஷன் கடையில் அரிசி வாங்கிக்கொண்டிருந்தபோது, புதுவையில் சிவப்பு கார்டு, மஞ்சள் கார்டு வைத்திருந்தவர்களுக்குப் பல வருடம் அரிசிக்குப் பதில் பாங்கிக் கணக்கில் பணம் போட்டார்கள். 2024 அக்டோபரில்தான் ரேஷன் கடைகள் மறுபடி திறந்தன. அந்தப் பணத்துக்காக வீட்டுக்கு வீடு பாங்கிக் கணக்கு, ஆதார், செல்போன் மூன்றையும் இணைத்தார்கள். முதியோர் பென்ஷன், விதவை பென்ஷன், மீனவர் தடைக்கால நிவாரணம் என்று எதை எடுத்தாலும் இதே மூன்றும்தான்.

உதவி வேண்டும் என்றால் விவரம் கொடுத்தாக வேண்டும். பணக்காரர், "தர முடியாது" என்று சொல்லிவிட்டு வேறு வழி பார்ப்பார். பென்ஷன் பணத்தை நம்பி இருக்கும் பாட்டி அப்படிச் சொல்ல முடியுமா? ஆகவே ஏழைகளின் விவரம்தான் அதிக இடங்களில், அதிக பேர் கையில் இருக்கிறது.

திருட்டு புதுவைக்குப் புதுசும் இல்லை. 2018-ல் ஏடிஎம் கார்டு விவரங்களைத் திருடி, போலி கார்டு தயாரித்து, ஜனங்களின் பணத்தை எடுத்த கும்பல் இதே ஊரில் பிடிபட்டது. அன்று கார்டைத் தேய்த்தால்தான் திருட முடியும். இன்று நீங்கள் வீட்டில் சும்மா இருந்தாலே போதும்.

பிரான்சில் நடந்த கதை

புதுவையில் பிரெஞ்சு குடியுரிமை உள்ளவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அந்த நாட்டில் நடந்த ஒரு விஷயம் நமக்கும் பாடம்.

1974-ல் பிரெஞ்சு அரசு, ஒவ்வொரு குடிமகனுக்கும் இருக்கும் ஒரே நம்பரை வைத்து எல்லா அரசு ஆபீஸ் ரெக்கார்டுகளையும் கம்ப்யூட்டரில் இணைக்கத் திட்டம் போட்டது. அதற்கு 'சபாரி' என்று பெயர். 'லெ மோந்த்' பத்திரிகை இதை வெளியே கொண்டுவந்ததும் நாடே கொந்தளித்தது. திட்டம் கைவிடப்பட்டது. அதன் பலனாக 1978 ஜனவரியில் தகவல் பாதுகாப்புக்குத் தனிச் சட்டமும், கண்காணிக்கத் தனி ஆணையமும் வந்தன.

பிரெஞ்சுக்காரர்கள் 1954-ல் புதுவையை ஒப்படைத்துப் போய் 24 வருடம் கழித்து வந்த சட்டம் அது. இந்தியாவில் அதே மாதிரி ஒரு சட்டம் வர 2023 ஆகிவிட்டது. கிட்டத்தட்ட 45 வருட இடைவெளி.

சட்டம் இருந்தால் மட்டும் கசியாது என்றும் இல்லை. 2024 மார்ச்சில் பிரான்சின் அரசு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் இருந்து 4.3 கோடி பேரின் விவரம் திருட்டுப் போனதாக அந்த நாட்டு அரசு நிறுவனமே அறிவித்தது. ஆனால் ஒரு வித்தியாசம். அங்கே, "உங்க விவரம் போயிருச்சு, ஜாக்கிரதை" என்று சம்பந்தப்பட்டவர்களுக்குச் சொல்ல வேண்டியது சட்டப்படி கட்டாயம். இங்கே இதுவரை நடந்த கசிவுகளில் பெரும்பாலும் முதலில் வருவது மறுப்பு அறிக்கைதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். பாங்கிக் கணக்குக்கும் சிம் கார்டுக்கும் ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது என்று 2018 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது.

அடுத்தவர் அடையாளத்தைத் திருடிப் பயன்படுத்தினால் ஐ.டி. சட்டம் 66-சி பிரிவின்படி 3 ஆண்டு வரை ஜெயில், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியிடப்பட்டன. அதிலும் முக்கியமான பிரிவுகள் அமலுக்கு வர 18 மாத அவகாசம். தகவலைப் பாதுகாக்காமல் கோட்டைவிட்ட கம்பெனிக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் போடலாம். கசிந்தால் சம்பந்தப்பட்டவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். இதெல்லாம் நல்ல விஷயம்தான்.

ஆனால் ஒரு கொக்கி இருக்கிறது. அந்த 250 கோடியில் பாதிக்கப்பட்டவருக்கு ஒரு ரூபாய் கூட வராது. மொத்தமும் அரசு கஜானாவுக்குப் போகும். பழைய ஐ.டி. சட்டத்தில் 43-ஏ என்று ஒரு பிரிவு உண்டு. அஜாக்கிரதையால் தகவலைக் கோட்டைவிட்ட கம்பெனி பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்கிற பிரிவு. புதுச் சட்டம் அந்தப் பிரிவையே தூக்கிவிடுகிறது. அரசு அமைப்புகளுக்குச் சட்டத்தில் இருந்து விலக்கு கொடுக்கவும் வழி வைத்திருக்கிறது.

இன்னொரு பக்கம், பொய்யாகவோ விளையாட்டாகவோ புகார் கொடுத்தால் புகார் கொடுத்தவருக்கு 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். கோட்டைவிட்டவர் அரசுக்குப் பணம் கட்டுவார், பறிகொடுத்தவருக்குக் கையில் ஒன்றும் இல்லை. நஷ்டஈடு என்பதே இல்லாத இடத்தில் கூலிவேலை செய்பவர் எதற்காக ஒரு நாள் சம்பளத்தை விட்டுப் புகார் கொடுக்கப் போவார்?

ஜெராக்ஸ் கொடுக்கலாமா, கூடாதா?

ஜனங்களுக்குத் தெளிவாகச் சொல்வதிலும் குழப்பம்தான். 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூர் ஆபீஸ், "ஆதார் ஜெராக்சைக் கண்ட இடத்தில் கொடுக்காதீங்க" என்று அறிவிப்பு விட்டது. இரண்டே நாளில், தப்பாகப் புரிந்துகொள்ள வாய்ப்பிருக்கிறது என்று மத்திய அரசு அதை வாபஸ் வாங்கிவிட்டது. ஆனால் அந்த அறிவிப்பில் சொன்ன விஷயம் ஒன்று உபயோகமானது. முதல் 8 நம்பர் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் வெப்சைட்டில் இருந்தே எடுத்துக்கொள்ளலாம். லாட்ஜில் ரூம் போட, அடையாளம் காட்ட அது போதும்.

வேறு என்ன செய்யலாம்?

* ஆதாரில் கைரேகை, கருவிழியைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது. ஆதார் வெப்சைட்டிலோ ஆப்பிலோ போய்ப் பூட்டலாம். பென்ஷனுக்கு ரேகை வைக்க வேண்டிய அன்று திறந்து, வேலை முடிந்ததும் பூட்டிவிடலாம். வீட்டில் படித்த பிள்ளைகள் இருந்தால் பெரியவர்களுக்குச் செய்து கொடுக்கலாம்.

* உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' வெப்சைட்டில் பார்க்கலாம். தெரியாத நம்பர் இருந்தால் அங்கேயே "இது என்னுது இல்லை" என்று புகார் செய்யலாம்.

* சிபில் போன்ற நிறுவனங்கள் வருடத்துக்கு ஒருமுறை கடன் ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் பாங்கி உத்தரவு. வாங்காத கடன் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

* ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் ஆதார், பாஸ்புக் அனுப்பினால், பிரிண்ட் எடுத்ததும் கண்ணெதிரே அழிக்கச் சொல்லுங்கள். கொடுக்கும் ஜெராக்சில் எந்த வேலைக்குக் கொடுக்கிறோம் என்பதையும் தேதியையும் குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

* எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு வேண்டாம். பாங்கிக்குத் தனி, பேஸ்புக்குக்குத் தனி.

* முக்கியமானது இதுதான். போனில் பேசுபவர் உங்கள் பெயர், விலாசம், ஆதார் நம்பர் எல்லாம் சரியாகச் சொல்கிறார் என்பதற்காக நம்பாதீர்கள். அதெல்லாம் 4 பைசாவுக்குக் கிடைக்கும். ஓ.டி.பி. கேட்டால் போனை வைத்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் பாங்கிக்கு நேரில் போய்க் கேளுங்கள்.

* பணம் போய்விட்டால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே 1930 நம்பருக்குப் போன் போடுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சொன்னால் பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் முடக்க வாய்ப்பு அதிகம். அதன்பிறகு சைபர் கிரைம் போலீசில் புகார் கொடுக்கலாம்.

பூட்டு போட வேண்டியது யார்?

இவ்வளவு ஜாக்கிரதையும் ஜனங்கள் தலையில் போடப்படும் வேலை. ஆனால் இதுவரை சொன்ன கசிவுகளில் பெரும்பாலானவை ஜனங்கள் வீட்டில் இருந்து நடக்கவில்லை. ரேஷன் கார்டுக்குக் கொடுத்தது, தடுப்பூசிக்குக் கொடுத்தது, இன்சூரன்சுக்குக் கொடுத்தது. வாங்கி வைத்தவர்கள் கையில் இருந்துதான் போயிருக்கிறது. வீட்டுக்காரர் கதவைச் சாத்தி என்ன பிரயோஜனம், நகை அடகுக் கடையில் அல்லவா திருட்டுப் போயிருக்கிறது!

புதுவை அரசு ஆபீஸ்களில் எந்தத் துறையிடம் ஜனங்களின் என்னென்ன விவரம் இருக்கிறது, அதை யார் யார் பார்க்க முடியும், டேட்டா என்ட்ரி வேலையை எடுத்த தனியார் கம்பெனி வேலை முடிந்ததும் அதை அழித்ததா என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கசிந்தால் மறுப்பு அறிக்கைக்கு முன்னால் ஜனங்களுக்கு எச்சரிக்கை வர வேண்டும். பென்ஷன் வாங்கும் பாட்டிக்கும் புரிகிற தமிழில் வர வேண்டும். பறிகொடுத்தவருக்கு நஷ்டஈடு கிடைக்கச் சட்டத்தில் வழி வேண்டும். தேர்தல் வந்தால் ஓட்டுக் கேட்டு வீட்டு வாசலுக்கு வருபவர்களிடம், "என் நம்பர் உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?" என்று ஜனங்களும் கேட்க வேண்டும்.

2021-ல் ஒரு எஸ்.எம்.எஸ்.சைப் பார்த்து அப்படி ஒருவர் கேட்டதால்தான் விஷயம் ஐகோர்ட்டு வரை போனது. கேட்காமல் விட்டிருந்தால் அதுவும் பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும்.